பியூயிக்கின் பட்டறையும் அவர் மகளும்

(அச்சுத் தொழிலாளரும் வாசகரும் கூடிய ஓர் அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மறைந்தவர்களை நினைவுகூர்வது பற்றிப் பேச வேண்டும் என்று நீங்கள் என்னைக் கேட்டுக்கொண்டபோது, அரசர்களையும் தலைவர்களையும் அவர்களுக்கென்று இருக்கும் சரித்திரக்காரர்களிடம் விட்டுவிட்டு, பட்டறை வைத்துப் பிழைத்த ஒரு மனிதரை, மனைவிக்கு உற்ற துணைவராகவும் நான்கு குழந்தைகளுக்கு அருமைத் தகப்பனாராகவும் வாழ்ந்து, தொழிலைக் கைவிடாமலே கண்மூடிய ஒருவரை, இந்தச் சபையில் நினைக்கலாம் என்று எனக்குத் தோன்றிற்று. அவர் நம் நாட்டவர் அல்லர். இங்கிலாந்தின் வடபகுதியில், டைன் நதிக்கரையில் இருக்கிற நியூகாஸில் நகரத்தில், தேவாலயத்தை அடுத்த ஒரு பட்டறையில் அமர்ந்து, மரக்கட்டையில் சித்திரம் செதுக்கி ஜீவனம் செய்தவர். அவர் பெயர் தாமஸ் பியூயிக். 1753-ஆம் வருஷம் பிறந்து, 1828-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 8-ஆம் தேதி காலமானார். படம் போட்ட புத்தகத்தை உங்கள் கையால் அச்சடித்துக் கட்டியிருக்கிற உங்களுக்கு அவர் ஒருவகையில் தாயாதி முறை ஆகிறவர். ஆகையால் அந்நியரைப் பற்றிப் பேசுகிறேன் என்று நீங்கள் எண்ணமாட்டீர்கள்.

அவருடைய இளமையைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மிக்லி என்னும் சிற்றூரை அடுத்த செரிபர்ன் என்ற பண்ணை வீட்டில், எட்டுக் குழந்தைகளில் மூத்தவராகப் பிறந்தார். தகப்பனார் சிறு குத்தகை விவசாயி. கூடவே ஒரு சின்ன நிலக்கரிச் சுரங்கமும் நடத்திவந்தார். பையனுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. சிலேட்டின் ஓரமும் புத்தகத்தின் ஓரமும் தீர்ந்துபோன பிறகு, தேவாலயத்து முகப்பின் தரையிலும் கல்லறைக் கற்களின்மீதும் சுண்ணக்கட்டியால் படம் எழுதிக்கொண்டிருந்தான். அதைக் கண்ட பெரியவர்கள், 1767-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதி, நியூகாஸிலில் செதுக்கு வேலைப் பட்டறை வைத்திருந்த ரால்ஃப் பெய்ல்பி என்பவரிடம் ஏழு வருஷம் தொழில் பழகும்படி ஒப்பந்தம் எழுதிச் சேர்த்துவிட்டார்கள். அப்போது அவனுக்குப் பதினாலு வயது.

அந்தப் பட்டறைக்கு என்னென்ன வேலை வந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனெனில், பின்னால் புகழ்பெற்றவர்களைப் பற்றிப் பேசும்போது அவர்கள் வயிற்றுப்பாட்டுக்குச் செய்த வேலைகளை மறைத்துவிடுவது எழுத்தாளர்களுக்கு வழக்கமாகிவிட்டது. வெள்ளிக் கரண்டியிலும் தேநீர்க் கெண்டியிலும் குடும்பச் சின்னம் பொறிப்பது, முத்திரை வெட்டுவது, கடிகாரத்தின் பித்தளை முகப்பில் எண் பொறிப்பது, கடைக்காரர்களுக்கு ரசீதுத் தலைப்பு, பாங்குகளுக்கு நோட்டு, நாய்க்குக் கழுத்துப் பட்டை, சவப்பெட்டிமேல் அறையும் பெயர்த்தகடு, இப்படி எது வந்தாலும் அந்தப் பட்டறை மறுத்ததில்லை. அந்தப் பட்டறையின் கணக்குப் புத்தகங்கள் அந்த நகரத்து ஆவணக் காப்பகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. உலகம் கொண்டாடுகிற சித்திரங்களைச் செதுக்கிய அதே கை, அதே வாரத்தில், முன்பின் அறியாத எவரோ ஒருவருடைய சவப்பெட்டிக்குப் பெயர்த்தகடும் பொறித்துக்கொண்டிருந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு அவரிடத்தில் உள்ள மதிப்பு அதிகமாகிறதே தவிரக் குறையவில்லை.

இனி அவருடைய தனித் தொழிலைப் பற்றிச் சொல்கிறேன். உங்களுக்கு விளக்க வேண்டியது அதிகமில்லை என்றாலும், தாய்மார்களும் மாணவர்களும் இருக்கிறபடியால் சொல்லத்தான் வேண்டும். அந்தக் காலத்தில் புத்தகத்துக்கு நேர்த்தியான படம் வேண்டுமானால் செப்புத் தகட்டில் கோடு கீறி, கீறலுக்குள் மை நிரப்பி, அழுத்தம் மிகுந்த வேறொரு யந்திரத்தில் தனியாக அச்சடித்துப் பிறகு புத்தகத்தில் சேர்த்துக் கட்டவேண்டும், செலவு அதிகம். மரத்தில் செதுக்கிய படமோ, எழுத்தோடு எழுத்தாக ஒரே பாரத்தில் வைத்து முடுக்கி ஒரே சமயத்தில் அச்சடிக்கக் கூடியது, செலவு குறைவு, ஆனால் பலகையின் நீளவாட்டில் கத்தியால் வெட்டிவந்த அந்தப் படங்கள் முரட்டுப் படங்களாகவே இருந்து, தெருப்பாட்டுப் புத்தகங்களுக்கு மட்டுமே தகுதி என்று கருதப்பட்டு வந்தன. பியூயிக், பாக்ஸ் என்னும் கெட்டி மரத்தைக் குறுக்கே அறுத்து, அந்தக் குறுக்குவெட்டு முகத்தை மெருகிட்டு, அதன்மேல் செப்புத் தகட்டுக்காரர்களின் உளியைக் கொண்டு செதுக்கினார். இந்த முறையை அவர்தாம் முதலில் கண்டுபிடித்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதில் என்ன செய்யமுடியும் என்பதை உலகத்துக்குக் காட்டியவர் அவரே. கறுப்புக் கோட்டைச் சுற்றிலும் மரத்தை எடுத்துவிடுவது பழைய வழக்கம். இவரோ உளி சென்ற இடமெல்லாம் வெள்ளைக் கோடாக விழுவதையே சித்திரத்தின் ஜீவனாக ஆக்கிக்கொண்டார். தூரத்து மலையும் மரமும் மங்கித் தெரியவேண்டிய இடத்தில், கட்டையின் மேற்பரப்பைச் சுரண்டி ஒரு மயிரிழை தாழ்த்திவிட்டு அதன்மேல் செதுக்குவார்; அச்சில் அழுத்தம் குறைவாகப் பட்டு அந்த இடம் தானே வெளிறி விழும். யந்திரத்தின் சுபாவத்தையும் மையின் சுபாவத்தையும் அறிந்த தொழிலாளிக்கே தோன்றக்கூடிய யுக்தி இது. பாக்ஸ் மரம் பெரிதாக வளராதாகையால் அவருடைய கட்டைகள் பெரும்பாலும் உள்ளங்கையில் அடங்குவன. ஆனால் அந்தச் சிறு பரப்புக்குள் பனி பெய்யும், காற்றடிக்கும், பறவை மூச்சுவிடும். உறுதியோ சொல்லவேண்டியதில்லை: அவர் செதுக்கிய கட்டை ஒன்று ஒன்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சிட்ட பிறகும் உபயோகத்தில் இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.

தொழில் பழகி முடித்த சிறிது காலத்துக்குள், வேட்டைக்காரனையும் அவனுடைய கிழட்டு நாயையும் செதுக்கிய ஒரு கட்டைக்காக லண்டனில் இருந்த கலை வளர்ச்சிச் சங்கம் அவருக்குப் பரிசு அளித்தது. பதக்கம் வேண்டுமா, பணம் வேண்டுமா என்ற கேள்வி வந்தபோது, பணமே போதும் என்று ஏழு கினி வாங்கிக்கொண்டுபோய்த் தாயார் கையில் கொடுத்தார். 1776-ல் லண்டனுக்குப் போய்ச் சில மாதங்கள் வேலை பார்த்தார். நல்ல சம்பளம் கிடைத்தும் அந்த நகரத்து வாழ்வு அவருக்குப் பிடிக்கவே இல்லை. இங்கிலாந்துக்கே பிரதம மந்திரியாக்கினாலும் லண்டனில் இருக்கமாட்டேன், மிக்லி மேட்டில் ஆடு மேய்ப்பதே மேல் என்ற கருத்தை எழுதிவைத்துவிட்டு ஊர் திரும்பினார். பழைய குருவான பெய்ல்பியோடு கூட்டுச் சேர்ந்து பட்டறை நடத்தத் தொடங்கினார்.

இனி அவருடைய பெற்றோர் பக்தியைப் பற்றிச் சொல்கிறேன்; அது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல தகப்பனாராக இருந்தவர்களின் சரித்திரத்தை ஆராய்ந்து பார்த்தால், அவர்கள் முதலில் நல்ல பிள்ளைகளாக இருந்திருப்பதை அநேகமாகக் காணலாம். நியூகாஸிலுக்கும் செரிபர்னுக்கும் சுமார் 12 மைல் தூரம். வாரந்தோறும், மழையென்றும் பனியென்றும் பாராமல், அத்தனை தூரமும் நடந்துபோய்ப் பெற்றோரைப் பார்த்துவிட்டு வருவார். நதியில் வெள்ளம் வந்து கடக்கமுடியாமல் போனால், இக்கரையிலிருந்தே உரக்கக் கூவி, அப்பா எப்படி இருக்கிறார், அம்மா எப்படி இருக்கிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, வந்தவழியே திரும்பிப்போவாராம். தாய் தந்தையர் உயிரோடு இருக்கும்வரை அவர்கள்மேல் உள்ள கவனம் சிதறக்கூடாது என்று விவாகத்தையே தள்ளிவைத்திருந்தார். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு இது ஒன்றும் விந்தையாகத் தோன்றாது.

1785-ஆம் வருஷம் அந்தக் குடும்பத்துக்குப் பொல்லாத வருஷமாக வந்தது. தாயாரும் ஒரு சகோதரியும் தகப்பனாரும் ஒருவர்பின் ஒருவராக மறைந்தார்கள். அந்தச் சமயத்தில்தான், நாலுகால் பிராணிகளைப் பற்றி, குழந்தைகளும் ரசிக்கும்படியாக, உண்மையான படங்களோடு ஒரு புத்தகம் போடவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உருவாகியிருந்தது. அதற்கு முதல் கட்டையாக ஒற்றைத் திமில் ஒட்டகத்தைச் செதுக்கத் தொடங்கிய நாள் நவம்பர் 15. அவருடைய தகப்பனார் உயிர் நீத்ததும் அதே நாள்தான். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து அவர் எழுதியிருக்கிறார். அதற்குமேல் ஒரு விளக்கமும் அவர் தரவில்லை. தரவேண்டிய அவசியமும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. துக்கம் வந்த வீட்டிலும் அடுப்பு மூட்டத்தானே வேண்டும். கைத்தொழிலாளிக்கு அந்தக் கையே ஆறுதலும் ஆகிறது.

மறு வருஷம், 1786 ஏப்ரலில், ஓவிங்ஹாம் என்ற பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவரும் சிறு வயது முதல் அறிந்தவருமான இஸபெல்லா எலியட்டை மணந்துகொண்டார். ஜேன், ராபர்ட், இஸபெல்லா, எலிஸபெத் என்று நான்கு குழந்தைகள் பிறந்தார்கள். பகல் முழுவதும் பட்டறையின் கூலி வேலை. பிராணிகள் புத்தகத்துக்கான கட்டைகளை வெட்டியது மாலைப் பொழுதிலும் இரவிலும். அந்தப் புத்தகம் 1790-ல் வெளிவந்தது. அதற்கு அடுத்தாற்போல் பறவைகளைப் பற்றிய நூல்: நிலப் பறவைகள் 1797-ல், நீர்ப் பறவைகள் 1804-ல். பட்டறைக்குப் பணம் தேடித் தந்தது எதுவாக இருந்தாலும், அவருக்குப் பெயர் தேடித் தந்தது பறவைகள்தாம். ஷார்லட் பிரான்டி எழுதிய 'ஜேன் அயர்' நாவலின் தொடக்கத்தில், ஆதரவற்ற அந்தச் சிறுமி திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு படிக்கிற புத்தகம் இந்தப் பறவைகள் நூல்தான் என்பதை நாவல் வாசித்தவர்கள் நினைவுபடுத்திக்கொள்ளலாம்.

பறவைகளிடத்தில் அவருக்கு இருந்த கருணைக்கும் ஒரு காரணம் உண்டு. சிறுவனாக இருந்தபோது வேட்டையில் அகப்பட்ட முயல் ஒன்றைத் தூக்கிக்கொண்டபோது அது குழந்தை அழுவதுபோல் கதறிற்று; மற்றொரு சமயம் கல்லெறிந்து ஒரு சிறு பறவையை வீழ்த்தி, அதைக் கையில் எடுத்தபோது அது தம்முடைய முகத்தைப் பரிதாபமாகப் பார்த்ததாக அவருக்குப் பட்டது. தெரிந்து தாம் கொன்ற கடைசிப் பறவை அதுதான் என்று முதுமையில் எழுதுகிறார். இந்த மனம்தான் அந்தக் கட்டைகளில் இருக்கிறது. ஒவ்வொரு பறவையின் விவரமும் முடிந்து பக்கத்தில் இடம் எஞ்சியிருந்தால் அங்கே ஒரு சின்னஞ்சிறு சித்திரம் வைப்பார். மழையில் நனைந்தபடி போகும் பிச்சைக்காரன், குருடனுக்கு வழிகாட்டும் நாய், ஓடையில் படகு விடும் பையன்கள், பனியில் பசித்து நிற்கும் ஆடு என்று தம் நதிக்கரையின் வாழ்வு முழுவதையும் அந்த மூலைகளில் நிரப்பிவைத்தார். பறவைப் படங்களைக் காட்டிலும் அவையே உயர்ந்தவை என்பது என் அபிப்பிராயம்.

தகப்பனார் என்ற நிலையில் அவர் செய்த ஒரு காரியத்தை மட்டும் சொல்கிறேன். அந்த வட்டாரத்தில் துருத்தியை அக்குளில் வைத்து வாசிக்கிற ஒரு சிறு குழல் வாத்தியம் உண்டு. அது வழக்கொழிந்து போய்விடுமோ என்று அவர் மிகவும் கவலைப்பட்டு, அந்த வாத்தியத்தில் தேர்ந்த ஜான் பீகாக் என்பவரிடம் தம் மகன் ராபர்ட்டைக் கற்றுக்கொள்ளும்படி செய்தார். தொழிலையும் மகனுக்கே கற்றுக்கொடுத்து, 1812-ல் பட்டறையில் கூட்டாளியாகவும் ஆக்கிக்கொண்டார். அதே வருஷத்தில் கடும் நோய் கண்டு, இனிப் பிழைக்கமாட்டார் என்ற நிலைமைக்குப் போய்த் தேறினார். தேறிய பிறகு ஈசாப் கதைகளுக்குப் படம் வரையத் தொடங்கி, மகனும் சீடர்களும் உடனிருந்து செதுக்க, 1818-ல் அதையும் வெளியிட்டுவிட்டார்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் இன்று இங்கே வந்ததற்குக் காரணம். மூத்த மகள் ஜேன், தகப்பனாருடைய சரித்திரத்தை அவரே எழுதிவைக்க வேண்டும் என்று வற்புறுத்தினாள். 1822-ஆம் வருஷம் நவம்பரில், டைன்மவுத் என்ற கடற்கரை ஊரில் இருந்தபோது, அறுபத்தொன்பது வயதில், மகளையே விளித்து அவர் எழுதத் தொடங்கினார். அந்த நூலின் பின்பகுதியில் சமயத்தையும் அரசியலையும் மீன்வளத்தையும் பற்றி உபதேசங்கள் அதிகம். அவற்றை நான் வேகமாகத் தள்ளிக்கொண்டு போய்விடுவேன். ஆனால் முற்பகுதியோ, இங்கிலீஷ் பாஷையில் ஒரு தொழிலாளி தன்னைப் பற்றித் தானே எழுதியவற்றுள் இணை சொல்ல முடியாதது. பள்ளிக்கூடத்தில் பட்ட அடி, பட்டறையில் பழகின வேலை, நடந்த பாதை, ஆற்றின் வெள்ளம், தாயாரின் பேச்சு, குருவோடு வந்த மனஸ்தாபம், ஒவ்வொரு கட்டையும் எப்படி உண்டாயிற்று என்பது எல்லாம் அதில் இருக்கின்றன. மகள் கேட்டிராவிட்டால் இவற்றுள் ஒன்றுகூட நமக்குக் கிடைத்திராது. கட்டைகளைப் பார்த்து, இவர் பெரிய சித்திரக்காரர் என்று மட்டும் சொல்லியிருப்போம். வெள்ளத்துக்கு அப்பால் நின்று அம்மாவை விசாரித்தவர் என்பதை அறிந்திருக்கமாட்டோம்.

1826-ஆம் வருஷம் பிப்ரவரியில் அவர் மனைவி இறந்துபோனாள். நாற்பது வருஷத் தாம்பத்தியம். அதன்பின் அவர் அதிக காலம் இருக்கவில்லை. ஆனால் உளியைக் கீழே வைத்துவிடவும் இல்லை. கடைசியாகக் கையில் இருந்தது, தம்முடைய சக்திக்கு மேற்பட்டு உழைத்து ஓய்ந்து, கொட்டும் மழையில் சாவை எதிர்பார்த்து நிற்கும் ஒரு கிழக்குதிரையின் சித்திரம். ஏழைகளின் குடிசைச் சுவரில் ஒட்டிவைக்கும்படி மலிவான பெரிய படமாக அதை அச்சிட வேண்டும் என்பது அவர் ஆசை. முதல் அச்சு எடுத்துக் கொண்டுவந்து காட்டினார்கள். இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்றார். சில நாட்களில் கேட்ஸ்ஹெட் என்ற ஊரில் இருந்த தம் வீட்டில் உயிர் நீத்தார். ஓவிங்ஹாமில், மனைவியின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கடைசி வருஷத்துச் சித்திரங்களுள் ஒன்று: செரிபர்ன் வீட்டிலிருந்து ஒரு சவப்பெட்டியைச் சரிவில் இறக்கிக்கொண்டு போகிறார்கள், கீழே நதி, அக்கரை சேர்க்கப் படகு காத்திருக்கிறது.

இனிப் பிள்ளைகளின் காரியம். நால்வரில் எவரும் விவாகம் செய்துகொள்ளவில்லை; ஆகையால் சந்ததி கிடையாது. ராபர்ட் 1849-ல் போய்விட்டான். மகள்கள் அந்த வீட்டிலேயே இருந்துகொண்டு, தகப்பனார் செதுக்கிய கட்டைகளையும், அவர் வரைந்த மூலச் சித்திரங்களையும், கடிதங்களையும், கையெழுத்துப் பிரதியையும் காத்தார்கள். ஜேன் அவருடைய சரித்திரத்தை 1862-ல் தன் எழுபத்தைந்தாவது வயதில் அச்சிட்டு வெளியிட்டாள். அந்த இறுதி ஊர்வலச் சித்திரத்தை நூலின் முடிவில் வைத்தாள். வெளிப்படையாக எழுதப்பட்டிருந்த சில இடங்களை அவள் நீக்கிவிட்டாள் என்பது உண்மைதான். அது பிழையென்றே நான் கருதுகிறேன். அவர் சொன்னபடியே அச்சிட்டிருக்கலாம். ஆனால் நீக்கிய இடங்களை அவள் கிழித்து எறிந்துவிடவில்லை. மூலப் பிரதி அப்படியே இருந்தது. ஆகையால்தான் 1975-ல் இயன் பெயின் என்ற அறிஞர் முழுமையான பதிப்பை வெளியிட முடிந்தது. தன் கருத்துக்கு ஒவ்வாததை மறைத்தவளே, பின்வருவோர் பார்க்கட்டும் என்று அதைக் காத்தும் வைத்தாள். ஜேன் 1881-ல் இறந்தாள். தங்கை இஸபெல்லா 1883-ல். சித்திரங்களில் ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும், மற்றொரு பகுதி நியூகாஸிலிலேயும் இன்று இருக்கின்றன.

அந்தப் பெண்கள் சிலை வைக்கவில்லை. பெரிய விழா எடுக்கவில்லை. தகப்பனாரிடம் அவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டார்கள். கேட்டதை எழுதச் செய்தார்கள். தொழிற்கருவியையும் தொழிலின் பலனையும் பழைய சாமான்காரனிடம் போடாமல் வைத்திருந்தார்கள். கணவர், தகப்பனார், தொழிலாளி என்று நாம் மூன்று பெயரிட்டுச் சொல்கிற அந்த ஒரே மனிதர் முழுசாக நம்முன் நிற்பதற்கு இவ்வளவுதான் வேண்டியிருந்தது. நம் நாட்டில் பதினாறாம் நாள் காரியத்தை அக்கறையோடு செய்கிறோம், வருஷந்தோறும் திதி கொடுக்கிறோம், அது வேண்டியதே. ஆனால் மறைந்தவருடைய கையில் இருந்த வித்தை என்ன, யாரிடம் கற்றார், எந்த வேலையில் அவருக்குப் பெருமை, எந்த வேலை மனசுக்கு ஒப்பாமல் செய்தார் என்று கேட்டால், பெற்ற பிள்ளைக்கே பதில் தெரிவதில்லை.

இந்தச் சபையில் அச்சுக் கோப்பவர்களும், யந்திரம் ஓட்டியவர்களும், பிளாக் செய்தவர்களும், பைண்டிங் வேலை பார்த்தவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். பிள்ளைகளாகிய உங்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு, உங்கள் தகப்பனாரிடம் முதல் நாள் வேலைக்குப் போன கதையிலிருந்து கேட்டு எழுதத் தொடங்குங்கள், அவருடைய கூலிக் கணக்குப் புத்தகம் எங்காவது பரணில் இருந்தால் அதை இறக்கிவைத்துத் துடைத்துப் பத்திரம் செய்யுங்கள்.